பாலாலயத்தில் பிரவுசர்!

எங்கள் கோபாலபுரத்தில் லாயிட்ஸ் ரோடு என்று ஒரு சாலை இருந்தது. அது 'அவ்வை சண்முகம் சாலை'யாக அப்கிரேட் ஆகி எத்தனையோ வருஷமாயிற்று. போர்டு மாறியது. கடைகளின் பில் புத்தகம் மாறியது. ஆட்டோக்காரர் மட்டும் இன்றைக்கும், "லாயிட்ஸ் ரோடா? ஏறுங்க ஸார்!" என்கிறார். பழைய வெர்ஷனை வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றி வருகிறார். அவருக்கும் நஷ்டமில்லை, நமக்கும் நஷ்டமில்லை.

கம்ப்யூட்டரில் அந்தச் சலுகை கிடையாது. அதிலும் பிரவுசர் விஷயத்தில் கிடையவே கிடையாது. ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் 'அப்டேட் நடக்கிறது, தயவுசெய்து கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று திரையில் ஒரு வாசகம் வரும். வட்டம் சுற்றும். 27 சதவிகிதத்தில் நிற்கும். நிற்கும்... நின்றுகொண்டே இருக்கும். நமக்குக் கை துறுதுறுக்கும்.

அந்த நேரத்தில் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி ஒரு அப்பாவியைத் தேடி ஆள் வரும். எங்கள் கட்டடத்தில் அந்த அப்பாவி நான்தான். படித்தது பி.காம். ஃபிளாட் அசோசியேஷனுக்குச் செக்ரட்டரி என்பதால் தண்ணி மோட்டார், லிஃப்ட், இன்டர்நெட் மூன்றுக்கும் வைத்தியர் ஆக்கிவிட்டார்கள். பன்னிரண்டு வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் நாடி பிடித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்ட சங்கதிகளைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஏன் இந்த அவசரம்?

"நன்னா ஓடிண்டிருக்கிறதை எதுக்கு மாத்தறான்?" என்பதுதான் எல்லார் வீட்டிலும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி.

பிரவுசர் என்பது வீட்டு வாசல்கதவு. பாங்க், ரயில் டிக்கெட், பேத்தியின் போட்டோ, முன்பின் தெரியாத ஆயிரம் பேர் என எல்லாரும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். கதவில் எங்கே இடுக்கு இருக்கிறது என்று திருடர்கள் ராப்பகலாகத் தடவிப் பார்க்கிறார்கள். இடுக்கு தெரிந்தவுடன் கம்பெனிக்காரர்கள் அடைக்கிறார்கள். நம் அரசாங்கத்தின் 'செர்ட்-இன்' என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு, இன்ன பிரவுசரில் இன்ன ஓட்டை, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று அவ்வப்போது எச்சரிக்கை விடுவது இதனால்தான்.

குரோம் பிரவுசர் 2008 செப்டம்பரில் வந்தது. அதை உருவாக்கியதில் முன்னணியில் நின்றவர் சுந்தர் பிச்சை. நம்ம அசோக் நகரில் வளர்ந்த பிள்ளை! பிற்பாடு ஆறு வாரத்துக்கு ஒரு வெர்ஷன் என்று விட்டார்கள். 2021-ல் அதை நாலு வாரமாகக் குறைத்தார்கள். மொஸில்லாவின் ஃபயர்பாக்ஸ் அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே நாலு வாரக் கணக்குக்கு வந்துவிட்டது. இட்லி மாவு மாதிரி ஆகிவிட்டது விவகாரம். நாள் கடத்தினால் புளிக்கும்.

குரோம் அதை வர்ணம் காட்டியே சொல்லும். புது வெர்ஷன் வந்து இரண்டு நாளுக்குள் என்றால் மேலே ஓரத்தில் பச்சை. நாலு நாள் ஆனால் ஆரஞ்சு. ஒரு வாரம் தாண்டினால் சிவப்பு. டிராஃபிக் சிக்னல் மாதிரி. என்ன, இங்கே சிவப்பு வந்தால் நிற்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும்!

பாலாலயம்

சரி, மாற்றட்டும். ஆனால் ஏன் கம்ப்யூட்டரைப் பூட்டிப் போட்டுவிட்டு மாற்ற வேண்டும்? நாம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஓரமாக மாற்றக் கூடாதா?

கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் என்ன செய்கிறார்கள்? மூலவர் சந்நிதியில் ஜனங்கள் வரிசையில் நிற்கும்போதே சாரம் கட்டிச் சுண்ணாம்பு அடிப்பார்களா? மாட்டார்கள். பாலாலயம் செய்கிறார்கள். ஸ்வாமியைத் தற்காலிகமாகச் சின்ன இடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, கர்ப்பக்கிரகத்தைத் திரை போட்டு மூடி, திருப்பணியை முடித்து, அப்புறம் கும்பாபிஷேகம், தரிசனம்.

அதேதான் இது. 2013 ஜனவரியில் வந்த ஃபெடோரா 18 என்ற லினக்ஸில் இந்த முறையை முறைப்படி வைத்தார்கள். வேண்டிய சாமான்களை எல்லாம் முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளும். பிறகு 'திருப்பணி உண்டு' என்று ஒரு சின்ன அடையாளப் பலகையை மாட்டிவிட்டு மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். எழுந்திருக்கும்போது பலகையைப் பார்க்கும். வழக்கமான கடையைத் திறக்காமல், அப்டேட்டுக்கு வேண்டிய ஒன்றிரண்டு பேரை மட்டும் எழுப்பி வேலையை முடித்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. வேலையைத் தொடங்கும்போதே அந்தப் பலகையைக் கழற்றிவிடும். நடுவில் ஏதாவது கோளாறு நடந்தாலும் மெஷின் அடுத்த முறை வழக்கம்போல எழுந்துவிடும். திரும்பத் திரும்ப அதே திருப்பணியில் மாட்டிக்கொண்டு செக்குமாடு மாதிரி சுற்றாது.

விண்டோஸிலும் காரணம் ஒன்றுதான். உபயோகத்தில் இருக்கும் ஃபைல் மேல் புது ஃபைலை எழுத முடியாது. அதனால் 'ரீஸ்டார்ட் ஆகும்போது இதை மாற்று' என்று சீட்டு எழுதி வைத்துக்கொள்கிறது.

லினக்ஸில் ஓடும்போதே ஃபைலை மாற்றலாம். ஆனால் பிரவுசருக்கு அது ஆகாது. இன்றைய பிரவுசர் ஒற்றை ஆள் இல்லை, கூட்டுக்குடும்பம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி ஆள் வேலை செய்கிறான். பழைய வெர்ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது அடியில் ஃபைலை மாற்றினால், அடுத்து திறக்கும் பக்கத்துக்குப் புது வெர்ஷன் ஆள் வந்து நிற்பான். மாமியார் பேசுவது மருமகளுக்குப் புரியாது. ஃபயர்பாக்ஸ், 'ரீஸ்டார்ட் செய்தால்தான் மேலே போக முடியும்' என்று ஒரு பக்கம் காட்டிவிட்டு நிற்கும். பலபேர் அதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுகிறார்கள். வைரஸ் இல்லை ஸார், குடும்ப ஒற்றுமைக்காகச் செய்கிற ஏற்பாடு. மூடித் திறந்தால் முடிந்தது.

இரண்டாவது மாடி மாமா

கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு மாமா இருக்கிறார். வயசு எழுபத்தெட்டு. மாமி காலமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தவரை கம்ப்யூட்டரை ஆண்டது மாமிதான். மாமா தட்டுவது பாங்க் பாஸ்வேர்டு ஒன்றுதான். மற்றதெல்லாம் பிரவுசரே ஞாபகம் வைத்திருந்தது.

ஒரு ராத்திரி மாமா மெஷினை மூடப் போக, அப்டேட் ஆரம்பித்தது. நடுவில் கரண்ட் போயிற்று. காலையில் மெஷின், 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன்' என்று கொஞ்ச நேரம் முனகிவிட்டு எழுந்துவிட்டது. ஆனால் பிரவுசரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இது பத்திரமான இணைப்பு இல்லை' என்று சிவப்பு எச்சரிக்கை. பாங்க் இல்லை, ரயில் இல்லை, ஒன்றும் இல்லை.

மாமா கடைக்குப் போன் போட்டார். ஒரு பையன் வந்தான். பென்டிரைவில் வைத்திருந்த பழைய பிரவுசர் ஒன்றை இன்ஸ்டால் செய்தான். அது வெள்ளைத்தாள் மாதிரி திறந்தது. சேர்த்து வைத்திருந்த ஒரு லிங்க் இல்லை, ஒரு பாஸ்வேர்டு இல்லை. சிவப்பு எச்சரிக்கை மட்டும் அப்படியே இருந்தது.

"ஃபார்மட் பண்ணிடலாம் ஸார். எண்ணூறு ரூபா. சாயங்காலம் புதுசு மாதிரி தர்றேன்."

மாமா தலையை ஆட்டியிருப்பார். அதற்குள் நான் தண்ணி மோட்டார் விஷயமாக மாடிக்குப் போனேன்.

"கொஞ்சம் இருப்பா," என்று பையனை நிறுத்திவிட்டுத் திரையின் வலதுபக்கக் கீழ் மூலையைப் பார்த்தேன். தேதி 2009 ஜனவரி 1.

இதுதான் ஸார் கதையின் முடிச்சு. ஒவ்வொரு வெப்சைட்டும் ஒரு சான்றிதழ் காட்டும். 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்' என்று அதில் போட்டிருக்கும். பிரவுசர் அதைக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கடிகாரம் 2009 என்று சொன்னால் எல்லாச் சான்றிதழும் 'இன்னும் பிறக்காத' சான்றிதழ்தானே! கதவைச் சாத்திவிடும். அப்டேட்டும் அதே கதவு வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் அதுவும் வாசலிலேயே நின்றுவிடும்.

கடிகாரம் ஏன் பின்னோக்கி ஓடியது? கம்ப்யூட்டருக்குள் எட்டணா சைஸில் ஒரு பேட்டரி உண்டு. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் 'சி.ஆர். 2032' என்ற மூன்று வோல்ட் வில்லை. மெயின் கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். மாமா வீட்டில் ப்ளக் எப்போதும் ஆனிலேயே இருந்ததால் அது செத்துப்போனது யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குக் கரண்ட் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வித்தியாசம் இத்தனை வருஷம் ஆகிவிட்டால் சில மெஷின்கள் தானாகக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதும் இல்லை.

தேதியைச் சரிசெய்தேன். சிவப்பு மறைந்தது. பையன், "அட!" என்றான். நல்ல பையன்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் அவனே பேட்டரி வாங்கிவந்து மாட்டினான்.

மாமா முகத்தில் மட்டும் வெளிச்சம் வரவில்லை. "பாங்க் வந்துடுத்து, சரி. அவ போட்டு வெச்சதெல்லாம் எங்கேப்பா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பாஸ்வேர்டு போனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். மாமி வரிசையாகப் போட்டு வைத்த லிங்க்கை எந்த ஆபீஸில் கேட்டு வாங்குவது?

பிரவுசர் வேறு, அது நமக்காகச் சேர்த்து வைக்கும் சாமான் வேறு. சாமான் இருக்கும் அலமாரிக்கு 'புரொஃபைல்' என்று பெயர். பையன் இரண்டாவதாக ஒரு பிரவுசரைப் போட்டபோது அது தனக்கென்று புது அலமாரி செய்துகொண்டது. பழைய அலமாரி தொடப்படாமல் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்தது. ஃபார்மட் செய்திருந்தால்தான் சாம்பலாகியிருக்கும்.

ஆனால் உடனே திறக்க முடியாது. புது வெர்ஷன் பழைய அலமாரியைத் திறக்கும். பழைய வெர்ஷனுக்குப் புது அலமாரியின் பூட்டுப் புரியாது. அதனால் முதலில் பிரவுசரை அப்டேட் செய்ய வேண்டும். அதோடு ராத்திரி பாதியில் நின்ற சிஸ்டம் அப்டேட்டையும் முடித்துவிடலாம் என்று, என் வீட்டு யூ.பி.எஸ்ஸைத் தூக்கி வந்து மாட்டினேன்.

மறுபடி பாலாலயம். வட்டம் சுற்றியது. 27 சதவிகிதத்தில் நின்றது.

"நின்னுடுத்து போலிருக்கே... ஒரு தட்டு தட்டட்டுமா?"

"வேண்டாம் மாமா. அந்தப் பெட்டியிலே குட்டி லைட்டு மினுக்கறது பாருங்கோ. உள்ளே வேலை நடக்கறது."

"எவ்வளவு நாழி?"

"காபி போடற நாழி."

மாமாவே காபி போட்டார். குடித்து, டம்ளரை அலம்பி வைத்துவிட்டு வந்தபோது 100 ஆகியிருந்தது. பழைய அலமாரியைத் தேர்ந்தெடுத்துத் திறந்தேன். மேலே வரிசையாக வந்தது: 'கோதுமை அடை', 'சுகர் சார்ட்', 'குழந்தை ஸ்கூல்', 'அவருக்கு முட்டி வலி'.

கடைசி லிங்க்கை மாமா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டிவலிக்கு ஏழு பயிற்சி. "இப்படி ஒண்ணு வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியவே தெரியாதே," என்றார். அப்புறம், "இதை அழியாம எங்கேயாவது வெக்க முடியுமா?" என்றார்.

முடியும். 'எக்ஸ்போர்ட்' என்று கொடுத்தால் லிங்க் எல்லாம் ஒரே ஃபைலில் வந்துவிடும். வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஃபைலின் முதல் வரியில் பெரும்பாலும் 'நெட்ஸ்கேப்' என்ற பெயர் இருக்கும். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். நம் ஊருக்கு இன்டர்நெட் கொண்டுவந்த காலத்தில் கொடிகட்டிப் பறந்த பிரவுசர் அது. 2008-ல் மூடுவிழா நடந்துவிட்டது. அது வகுத்த ஃபைல் முறையில்தான் இன்றைய பிரவுசர்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சீர்வரிசை அனுப்பிக்கொள்கின்றன.

கைவைத்தியம்

அப்டேட்டுக்குப் பிறகு பிரவுசர் மக்கர் செய்தால், இந்த வரிசையில் பாருங்கள். வரிசை முக்கியம். செலவில்லாதது முதலில், ஆபத்தானது கடைசியில்.

1. தேதியும் நேரமும் சரியா? வருஷத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

2. ஒரு முறை ரீஸ்டார்ட். கவனிக்கவும், 'ஷட் டவுன்' இல்லை, 'ரீஸ்டார்ட்'. விண்டோஸ் 8 முதற்கொண்டு, சீக்கிரம் எழுந்திருப்பதற்காக ஷட் டவுனில் மெஷின் அரைத்தூக்கம்தான் போடும். ரீஸ்டார்ட்டில்தான் முழுசாக மூடித் திறக்கும்.

3. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? திருப்பணிக்குச் சாமான் இறக்க இடம் வேண்டாமா?

4. பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் எனப்படும் உபரிச் சாமான்களை ஒதுக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். ஃபயர்பாக்ஸில் 'டிரபுள்ஷூட் மோடு', குரோமில் 'இன்காக்னிட்டோ'. அதில் ஒழுங்காக ஓடினால், பிரவுசர் நிரபராதி.

5. சாமான் காணோமா? அலமாரியைத் தேடுங்கள். முகவரி எழுதும் இடத்தில் ஆங்கிலத்தில் 'அபவுட்', முக்காற்புள்ளி, 'புரொஃபைல்ஸ்' என்று அடித்தால் ஃபயர்பாக்ஸ் எல்லா அலமாரியையும் காட்டும். 2019 மே மாதம் வந்த 67-ம் வெர்ஷனிலிருந்து, ஒரே மெஷினில் இரண்டு ஃபயர்பாக்ஸ் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி அலமாரி. குரோமில் 'குரோம்', முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, 'வெர்ஷன்' என்று அடித்தால், அலமாரி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியும்.

6. 'பழைய வெர்ஷனே போதும்' என்று திரும்பிப் போகாதீர்கள். அதே 67-லிருந்து ஃபயர்பாக்ஸ், புதிய அலமாரியைப் பழைய வெர்ஷனால் திறக்க விடாது. உள்ளே இருப்பது கெட்டுப்போகக் கூடாது என்பதற்கான காவல் அது.

7. ஒன்றுமே சரிப்படவில்லை என்றால்தான் நீக்கிவிட்டு மறுபடி போடுவது. அப்போது குரோம், 'உங்கள் விவரங்களையும் சேர்த்து அழிக்கட்டுமா?' என்று கேட்டு ஒரு கட்டம் காட்டும். அந்தக் கட்டத்தில் டிக் போடவே கூடாது!

'ஃபார்மட்' இந்தப் பட்டியலில் எங்கே என்கிறீர்களா? இல்லை. பிரவுசர் கோளாறுக்கு ஃபார்மட் செய்வது, கதவுத் தாழ்ப்பாள் இறுகிப் போனதற்கு வீட்டை இடிப்பது மாதிரி.

மெஷினே கிழம் என்றால்?

சில வீடுகளில் அப்டேட்டே வராது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் கும்பிடு போட்டது. அதில் ஓடக்கூடிய கடைசி குரோம் 109. 2023 பிப்ரவரியில் வந்த 110-லிருந்து விண்டோஸ் 10 வேண்டும். ஃபயர்பாக்ஸுக்கு அங்கே கடைசி வரிசை 115. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான ஆதரவு முடிந்தது.

அதற்காக மெஷினைக் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் போடலாம். நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் செய்த 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது தமிழக அரசு தன் துறைகளை பாஸுக்கு மாறச் சொன்னது. பழைய மெஷினுக்கு ஏற்ற வேறு லினக்ஸ்களும் உண்டு. விஷயம் தெரிந்த பிள்ளை ஒருத்தன் பக்கத்தில் இருந்தால் ஒரு சாயங்கால வேலை. ஆனால் இதற்கு ஹார்ட் டிஸ்க்கைத் துடைக்க வேண்டியிருக்கும். அதனால் அலமாரியில் இருப்பதை முதலில் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஏதோ ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பெட்டி குதித்து, 'உங்கள் பிரவுசர் பழையது, இங்கே அமுக்கவும்' என்று சொன்னால் அமுக்காதீர்கள். அது திருடன். நிஜ அப்டேட் பிரவுசரின் சொந்த மெனுவில்தான் இருக்கும். 'ஹெல்ப்' போய் 'அபவுட்' பார்த்தால் தெரிந்துவிடும். யாராவது போன் பண்ணி, "அப்டேட் பண்ணித் தரோம், இந்த ஆப்பைப் போடுங்க, திரையைக் காட்டுங்க" என்றால் போனை வையுங்கள். பணமே போய்விட்டதா? யோசிக்காமல் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள். சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பதினைந்து நிமிஷம் ஒதுக்குங்கள். லிங்க்குகளை எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் போடுங்கள். முக்கியமான பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். வீட்டில் இன்னொருத்தருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். கம்ப்யூட்டர் வாங்கி அஞ்சாறு வருஷம் ஆகிவிட்டதென்றால் அந்த வில்லை பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். ஒரு பிளேட் போண்டா விலைகூட ஆகாது.

பிறகு அப்டேட் வந்தால் வரட்டும். திரை போட்டிருக்கும்போது எட்டிப் பார்க்காமல் போய்க் காபி போடுங்கள். உங்களுக்கு மட்டும் இல்லை, வீட்டில் இருக்கிற எல்லாருக்குமாகச் சேர்த்துப் போடுங்கள். அதற்கு நேரம் நிச்சயம் இருக்கும்!